ஜன்னலோர மேஜை

நம் பெரியவனின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

காட்டோரத்து இந்தப் பழைய விடுதியில் என் வேலை, விருந்துக்கூடத்து மேஜைகளில் கரண்டிகளை அளவு பார்த்து அடுக்குவது. நேற்று வரிசை நேராக இருக்கிறதா என்று ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த பரிமாறும் பெண் என்னை விருந்தாளி என்று நினைத்து சூப்பை வைத்துவிட்டாள். ஆறிவிடுமே என்று குடித்தேன். அடுத்தடுத்து வந்த விருந்தின் ஏழு வகையும் சாப்பிட்டு முடித்தேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

முதலாளியோ, "ஐயா, இருநூறு வருஷக் கட்டடத்துக்கு ஏத்த முகம் உங்களுக்கு. இனிமே தினமும் அங்கேயே உக்காந்து சாப்பிடுங்க. அதுதான் வேலை" என்கிறார். கேலியா, நிஜமா, விளங்கவில்லை. சாப்பிடுவதற்குச் சம்பளம் வாங்குவது முறைதானா? நீயே சொல். எதற்கும், அங்கே உட்காரும்போது போட்டுக்கொள்ள என் சாம்பல் நிறக் கோட்டுச் சட்டையை அனுப்பிவை.

தபால் வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். எனக்கு எதிரே உள்ள காலி நாற்காலிக்கும் ஒரு தட்டு வைக்கிறார்கள். எடுத்துவிடச் சொல்லவா, இருக்கட்டுமா?

உன் வீட்டுக்காரன்