நீ கோடு போட்டு அடித்த கிராபிக்ஸ் கார்டு

என் செல்ல அம்மாவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. ஆறுதலாக ஏதாவது எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

உன் பைபிளுக்குள் நான்காக மடித்த தாள் ஒன்று கிடைத்தது. புதுக் கம்ப்யூட்டருக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று நீ எழுதி வைத்த பட்டியல். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதிய அதே நிமிர்ந்த கையெழுத்து. பிராசஸர், மதர்போர்டு, முப்பத்திரண்டு ஜிபி ராம், சத்தம் போடாத ஃபேன், மைக். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் வேறு. மைக்குக்கு நேரே, ‘பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தை இழுக்காத வகை, வாய்க்கு அருகில் வைத்துப் பேச வேண்டும்’ என்று இருந்தது.

அதில் ஒரு வரியை மட்டும் இரண்டு கோடு போட்டு அடித்திருந்தாய். கிராபிக்ஸ் கார்டு. பக்கத்தில் ‘தேவையில்லை.’

ஏன் அம்மா அடித்தாய்?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். ரிட்டையர் ஆன பிறகு என் அம்மா அந்தப் பழைய லேப்டாப்பில் இரண்டு காரியம் செய்தாள். காலையில், கண் தெரியாத ஒரு கல்லூரிப் பெண்ணுக்காகப் பாடப் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் லாரி ஓட்டுகிற கேம் ஆடினாள். சைக்கிள்கூட ஓட்டிப் பழகாதவள், பனி பெய்கிற ஊர்களுக்கெல்லாம் சரக்கு ஏற்றிக்கொண்டு போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வேன். மலை வளைவு வந்தால் லேப்டாப் திணறிப் படம் நின்றுவிடும். “இன்னாடி இது, பாதி ரோட்ல நின்னுகினு இருக்கேன்” என்பாய். படம் திணறாமல் ஓடத்தானே அம்மா அந்தக் கார்டு?

கார்டை அடித்த கையோடு பிராசஸரையும் மாற்றி எழுதியிருந்தாய். முதலில் எழுதியதில் படம் காட்டும் வசதி கிடையாது, கார்டு இல்லாமல் அதைப் போட்டால் திரையில் ஒன்றும் தெரியாது. அதைக்கூட யோசித்து, அந்த வசதி உள்ளேயே இருக்கிற வேறொன்றை எழுதியிருக்கிறாய். உன் ஆசையை வெட்டுவதில் அத்தனை கவனம். அன்றைக்கே முடிவு செய்தேன், அடித்த வரியையும் சேர்த்துத்தான் வாங்குவேன் என்று.

ஜேக்கப் அண்ணன் குதித்தான். “அம்மா போயி நாப்பது நாளுகூட ஆவல. கேம் ஆட்ற கம்ப்யூட்டர் இன்னாத்துக்கு? சர்ச்சுல நாலு பேரு இன்னா பேசுவாங்க?”

“ரெக்கார்டிங் பாதியில நிக்குது. அந்தப் பொண்ணுக்கு பரீட்சை வருது” என்றேன்.

“ரெக்கார்டிங்குக்கு வாங்கு. கேம் யாருக்கு?”

“எனக்கு” என்றேன். அவன் எழுந்து போய்விட்டான்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உள்ள கடைக்குத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “லேடீஸுக்கு இவ்ளோலாம் எதுக்கு மேடம்? டைப் அடிக்க, படம் பாக்க சின்ன செட்டு போதும்.” எழுதியிருப்பதை மட்டும் கொடுங்கள் என்றேன். நீ முதலில் எழுதியிருந்த பிராசஸரும் கார்டும் போட்டு, அவரே எல்லாவற்றையும் மாட்டி, காலிப் பெட்டிகளோடு வீட்டுக்கு அனுப்பினார்.

மைக்கை வைத்து ஒரு பக்கம் வாசித்தேன். திரும்பக் கேட்டால் என் குரலுக்குப் பின்னால் மாவு மில் ஓடுகிறது. தறிச் சத்தம் இல்லை, கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வருகிறது. உன் கேமைப் போட்டேன். அதே மலை வளைவில் லாரி நின்றது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். கார்டின் இடுக்கில் எல்லாம் கறுப்புத் தூசி. திருகுகளின் தலை தேய்ந்திருந்தது. பெரணமல்லூர் ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுப்பவள் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. அட்டையில் ஒரு பேட்ச் நம்பர், பாட்டிலில் வேறு நம்பர் என்றால் அந்த மருந்தை நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை. கார்டின் காலிப் பெட்டியைத் தேடி எடுத்து நம்பரை ஒப்பிட்டேன். பெட்டியில் ஒன்று, கார்டில் வேறொன்று. யாரோ ஓட்டித் தேய்த்த பழைய கார்டு. எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் நல்ல பவர் சப்ளை இருக்க வேண்டிய இடத்தில் பெயரே இல்லாத ஏதோ ஒன்று.

உன் பட்டியலில் நீ உனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று. அதிலேயே கை வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் நம்பரைப் பார்த்துவிட்டு, “கம்பெனியிலயே மாறி வந்திருக்கும் மேடம்” என்றார்.

“தூசியும் கம்பெனியிலேர்ந்தே வந்துச்சா?”

“சத்தம் போடாதீங்க. கஸ்டமர்லாம் இருக்காங்க.”

நான் சத்தமே போடவில்லை. பெட்டியையும் கார்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அங்கே சேலை டிசைன் போடுகிறவர் ஒருவர் பில்லுக்காகக் காத்திருந்தார். குனிந்து இரண்டு நம்பரையும் படித்தார். “போன மாசம் எனக்குப் போட்ட மிஷினும் பார்டர் டிசைனைத் தொறந்தா நின்னுடுது. ஒவ்வொரு தபாவும் என் டிசைன் பெருசுன்னு சொல்லிகினு இருந்தீங்களே. அதையும் இப்பவே தொறந்து பாக்கலாமா?” என்றார்.

கடைக்காரருக்கு முகம் மாறிவிட்டது. “பேஜார் பண்ணாதீங்க, ரெண்டு பேருக்கும் மாத்தித் தரேன்” என்றார். அதுவரை கம்பெனியின் தப்பாக இருந்தது, இரண்டாவது ஆள் கேட்டதும் மாற்றிக் கொடுக்கக்கூடியதாகிவிட்டது. நான் ஒருத்தியாகக் கேட்டபோது ஏன் ஆகவில்லை?

“மாட்ட வேணாம். சீல் பிரிக்காம பெட்டியோட குடுங்க. நானே மாட்டிக்கறேன்” என்றேன்.

பாகங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி உட்கார்ந்திருந்தபோது அண்ணன் வந்தான். கடையில் நடந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வழிகாட்டியாக விரித்து வைத்திருந்த உன் தாளை எடுத்துப் படித்தான். அடித்திருந்த வரியில் விரலை வைத்தான்.

“இது நான் பண்ண வேலை” என்றான்.

“நீ இன்னா பண்ண?”

“மாமா வீட்டுக்காரங்க வந்திருந்தப்ப, ரிட்டையர் ஆன டீச்சரம்மா லாரி ஓட்றாங்கன்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சேன். அம்மாவும் சிரிச்சாங்க. அப்புறம் நான் இருக்கும்போது அந்தக் கேமைத் தொறக்கவே இல்ல.”

அவனைத் திட்ட எனக்கு நிறைய இருந்தது. திட்டவும் செய்தேன். அவன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். கார்டு அதன் இடத்தில் டக்கென்று உட்கார்ந்தபோது, “நான் ஓட்டிப் பாக்கட்டுமா?” என்று கேட்டான். மலை வளைவில் லாரி நிற்கவில்லை அம்மா. அவன்தான் வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினான்.

எனக்கு அப்போதும் கோபம் தீரவில்லை. சிரித்தவர்கள் மேல். ‘லேடீஸுக்கு எதுக்கு’ என்றவர் மேல். எல்லோரையும்விட உன் மேல். அவர்கள் சிரித்தால் நீயும் ஏன் சேர்ந்து சிரித்தாய்? “ஆமாம், எனக்குப் பிடிக்கும்” என்று சொல்ல ஒரு வாய் இல்லையா உனக்கு? என்னிடமாவது சொல்லியிருக்கலாமே?

அந்தப் பெண் கலைவாணி தெள்ளாரிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். வரலாற்றுப் புத்தகத்தில் நீ ஒன்பது பாடம் முடித்திருந்தாய், ஐந்து பாக்கி. உன் பதிவில் கொஞ்சம் இரைச்சல் இருக்கிறதே, முதலிலிருந்து எல்லாவற்றையும் நானே சுத்தமாக வாசித்துக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“வேணாங்கக்கா. அம்மா ஒரு வருஷத்தச் சொன்னா, நான் மனசுல போட்டுக்கட்டும்னு கொஞ்சம் நிறுத்துவாங்க. அது எனக்கு வேணும். நீங்க பத்தாவதுலேர்ந்து ஆரம்பிங்க.”

ஆரம்பித்துவிட்டேன். ஒன்பதாவதன் கடைசியில், “மீதி நாளைக்குப் பார்ப்போம் கலை” என்று நீ சொல்கிறாய். அதற்கு அடுத்து என் குரல் வருகிறது. அவள் பரீட்சைக்குப் போவதற்குள் பதினான்காம் பாடத்தின் கடைசி வரியை வாசித்து முடிப்பேன். வருஷங்கள் வருகிற இடத்தில் நிறுத்துவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்மேல் கோபமாகவே இருக்கிற,
உன் மகள்
எஸ்தர்
ஆரணி