ஏர் கிளீனருக்குள் இருந்த குங்குமப் பொட்டு

என் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்த தம்பி தனக்கோட்டிக்கு,

அந்தக் கார் இன்ஜினைப் பிரித்த அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு ஒருத்தரும் நான் பார்க்கவில்லை, என் காதில் விழவில்லை என்று சொல்லக் கூடாது. திண்டிவனம் அரிசி மில் முதலாளி வேதாசலம். அவர் சம்சாரம் புஷ்பாவதி. உன் சிநேகிதர் மெக்கானிக் காதர் பாய். அந்தக் காரின் டிரைவர் ஏழுமலை. அவன் நான் பெற்ற மகன், உன் மகள் செல்வியைக் கட்டிய மாப்பிள்ளை. ஐந்தாவது ஆள் நான்.

வருகிற மாசியோடு நீ போய் ஒரு வருஷம். உன்னைத் திருடன் என்று சொல்லி, பங்குனி வந்தால் மூன்று வருஷம். எனக்கு இரண்டாவதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. என்ன செய்யட்டும், சொல்.

அந்தக் காரை எனக்கு நன்றாகத் தெரியும். ஆமை மாதிரி முதுகு வளைந்த பழைய வெளிநாட்டுக் கார். வேதாசலம் பாண்டிச்சேரியில் ஒரு பென்ஷன்காரரிடம் வாங்கி வந்தது. இன்ஜின் பின்பக்கம். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது, காற்றிலேயே ஆறுகிற இன்ஜின். தண்ணீர் ஊற்ற ஓட்டையே இல்லாத வண்டியை நாங்கள் தொட மாட்டோம் என்று விழுப்புரத்தில் மற்ற ஷெட்காரர்கள் சொன்னபோது நீ தொட்டாய். ஆடி மாதம் முழுக்க இன்ஜினைப் பிரித்துப் போட்டு, பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டுக் கோத்தாய்.

சோறு கொண்டுவந்த என்னிடம் ஒரு கறுப்புத் தகரச் சட்டியைத் தூக்கிக் காட்டினாய். “அக்கா, இது ஏர் கிளீனர். வண்டிக்கு மூக்கு. அடியில எண்ணெய் நிக்கணும். காத்து வந்து எண்ணெயில மோதினா தூசி அதுலயே ஒட்டிக்கும், நல்ல காத்து மட்டும் உள்ள போவும். நம்ம ஊரு மல்லாட்டைக் கொல்லைத் தூசிக்கு, எண்ணெய் இல்லாம ஓட்டினா ஆறு மாசம் தாங்காது” என்றாய். எண்ணெய் எதுவரை நிற்க வேண்டும் என்று சட்டியின் உள்ளே செல்வியின் நகப்பாலீஷால் ஒரு கோடு போட்டாய். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கே அது புரிந்தது.

பங்குனியில் வேதாசலமும் சம்சாரமும் மயிலம் கோயிலுக்குப் போகும்போது, மலையடிவாரத்தில் வண்டி புகை கக்கி நின்றுவிட்டது. மறுநாள் காலை உன் ஷெட்டுக்கு எதிர் டீக்கடையில் வந்து நின்றார். சந்தனக் கலர் சட்டை, கையில் டவல். “புது ரிங்குன்னு சொல்லிட்டுப் பழசப் போட்டிருக்கியேடா, திருட்டுப் பயலே!” என்றார். டீக்கடையில் பதினோரு பேர். நான் எண்ணினேன். நீ கைதுடைக்கிற துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு நின்றாய். ஏன்டா ஒரு வார்த்தை பேசவில்லை?

அதற்கப்புறம் உன் ஷெட்டில் யார் வண்டியை விட்டார்கள்? தைப் பொங்கலுக்குள் பூட்டிவிட்டு லாரி ஷெட்டில் ஆள் வேலைக்குப் போனாய். அடுத்தவன் ஷெட்டில், அடுத்தவன் ஸ்பேனரைப் பிடித்தபடியே மார்பில் கை வைத்து உட்கார்ந்தாய். உன் பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் நான் பஸ் ஏறித் திண்டிவனம் போய், மில் வாசலில் மண்ணை வாரித் தூற்றினேன். இந்த வீடு விளங்குமா என்று கத்தினேன். அதை நான் ஒளிக்கவில்லை.

போன ஆவணியில் காதர் பாய் காணை கிராமத்துக்கு என்னைத் தேடி வந்தார். வேதாசலம் தன் மகன் கல்யாணத்துக்கு அந்தக் காரை ஓட வைக்க வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டிருக்கிறார். “அஞ்சலக்கா, வெள்ளிக்கிழமை இன்ஜினைப் பிரிக்கிறேன். நீ வந்து நில்லு. எனக்கு அவன் கை தெரியும். பழைய ரிங்கு போடுற கை இல்ல அது” என்றார். அந்த மனுஷனுக்கு ஆண்டவன் குறை வைக்க மாட்டான்.

என்னை மில்லுக்குள் பார்த்ததும் வேதாசலத்துக்கு முகம் சுண்டியது. “இந்தம்மா எதுக்கு இங்க?”

“மண்ணு தூத்த வரல. பார்க்க வந்தேன். பிரிங்க பாய்” என்றேன்.

காதர் பாய் ரிங்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “மொதலாளி, இது புது ரிங்குதான். ஓரத்துல எழுத்து இருக்குது பாருங்க. ஆனா தேஞ்சி காகிதமா போயிருக்குது.” உள்ளே இருந்து கறுப்பாக ஒரு விழுது எடுத்து என் உள்ளங்கையில் தேய்த்தார். நறநறவென்றது. மண்.

மண் எப்படிப் போனது? கார்புரேட்டர் மேலே, ஏர் கிளீனர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பால்பவுடர் டப்பா, அதன் வாயில் கொசுவலை. உனக்குப் பிறகு வந்த மெக்கானிக் ஒருத்தன் செய்த வைத்தியம். வேதாசலம் விடவில்லை. “டப்பா பின்னால போட்டது பாய். வண்டி மயிலத்துல நின்னது அதுக்கு முன்னயே. அப்ப தனக்கோட்டி போட்டதுதான் இருந்துச்சி.”

“அது எங்க?” என்றார் காதர் பாய்.

புஷ்பாவதி பரண்மேல் இருந்து ஒரு சாக்கை இறக்கச் சொன்னாள். உன் சட்டி அப்படியே இருந்தது தம்பி. மூக்கு, ரப்பர் குழாய், கிளிப் எல்லாம். காதர் பாய் கிளிப்பைத் தட்டித் திறந்தார். உள்ளே காய்ந்த தூசி, ஒரு விரல் கனம்.

“ஒரு சொட்டு எண்ணெய் பட்ட சுவடு இல்ல.”

“அவன் ஊத்தியே இருக்க மாட்டான்” என்றார் வேதாசலம்.

“வாயக் கழுவிட்டுப் பேசுங்க” என்றேன்.

காதர் பாய் தூசியை விரலால் தள்ளினார். அடியில், உன் நகப்பாலீஷ் கோட்டுக்குக் கீழே, வட்டமாக மஞ்சள் தெரிந்தது. அதன் நடுவில் சிவப்பு. சந்தனம், குங்குமம்.

புஷ்பாவதி குனிந்து பார்த்தாள். “ஐயோ, இது நான் வெச்ச பொட்டாச்சே! ஆயுத பூஜைக்கு, கழுவிக் காயப்போட்டிருந்த எல்லாத்துக்கும் வெச்சிக்கினே வந்தேன். ஜாக்கி, ஸ்பேனரு, இந்தச் சட்டி. மல்லாந்து கெடந்துச்சி, உள்ளாறவே வெச்சிட்டேன்.”

பொட்டின் மேல் எண்ணெய் நின்றிருந்தால் அது கரைந்து போயிருக்கும். கரையவில்லை. அப்படியென்றால் ஆயுத பூஜையிலிருந்து பங்குனி வரை அந்த வண்டி எண்ணெய் இல்லாமல் மூச்சு விட்டிருக்கிறது. நீ சொன்ன அதே ஆறு மாதம்.

அந்த வீட்டில் காரைக் கழுவுகிற கை ஒன்றுதான். நான் திரும்பினேன். ஏழுமலை கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நீயாடா?”

“எம்மா, உள்ள கருப்பா எண்ணெய் நின்னுக்கினு இருந்துச்சி. நான் ஓட்டின வேற எந்த வண்டியிலயும் அங்க எண்ணெய் இருக்காது. இன்ஜின் ஆயிலு ஒழுகி எறங்கிடுச்சின்னு நெனச்சேன். பூஜைக்கு அழுக்கோட வெக்கக் கூடாதேன்னு கிருஷ்ணாயில் ஊத்திக் கழுவி வெயில்ல வெச்சேன். அப்படியே மாட்டிட்டேன்.”

“மாமனுக்குத் தெரியுமா?”

“வண்டி நின்ன அன்னிக்கே போய்ச் சொன்னேன். வாயத் தொறக்காத மாப்பிள, வேலை போயிடும், செல்வி மாசமா இருக்கான்னாரு.”

அப்போது வேதாசலம் சொன்னதைக் கேள். டவலால் கழுத்தைத் துடைத்தபடி, “போவுது உடு. தெரியாமத்தானே செஞ்ச” என்றார். அவ்வளவுதான் தம்பி. நீ உன் பெயரைக் கொடுத்துக் காப்பாற்றிய வேலைக்கு ஆபத்தே இருக்கவில்லை.

“இந்த ‘போவுது உடு’வ என் தம்பிக்கு ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

நான் சும்மா விடவில்லை. திருடன் என்று சொன்ன இடத்திலேயே வந்து இல்லை என்று சொல்ல வேண்டும் என்றேன். காதர் பாய் சிலிண்டரைக் கடைந்து, பால் டப்பாவைத் தூக்கி எறிந்து, உன் ஏர் கிளீனரையே திரும்ப மாட்டினார். வெடித்துப்போன ரப்பர் குழாய்க்குப் பாண்டிச்சேரியில் அலைந்து ஒன்று வாங்கி வந்தார். சட்டியைக் கழுவும்போது பொட்டும் போனது. எண்ணெயை உன் கோடு வரைக்கும் நான்தான் ஊற்றினேன்.

கார்த்திகையில் அந்தக் கார் உன் பழைய ஷெட் வாசலில் வந்து நின்றது. வேதாசலம் டீக்கடையில் எல்லாரும் கேட்க, “தனக்கோட்டி போட்டது புது ரிங்கு. தப்பு எங்க வூட்டுல” என்றார். குரல் சின்னதாக வந்தது. “சத்தமா” என்றேன். திரும்பச் சொன்னார். மண் தூற்றியதற்கு நானும் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். அவரோடு எனக்கு இனிமேல் சண்டை இல்லை.

என் மகன் எண்ணெயைக் கொட்டியது குற்றமில்லை. சாமிக்குச் சுத்தமாக வைக்க நினைத்தான். டீக்கடையில் வாய் திறக்காததும் நீ சொல்லித்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன்னை எடுத்துப் போன பிறகு என்ன பயம்? நான் மில் வாசலில் மண் தூற்றிய அன்றைக்கு, அந்தக் கேட்டைச் சாத்தியவன் அவன்தான். நான் கத்தியதையெல்லாம் உள்பக்கம் நின்று கேட்டுவிட்டு, ராத்திரி வந்து என் கையால் சோறு வாங்கித் தின்றான்.

“அத்த, எங்கப்பாவே பொறுத்துக்கினாரு. நீ ஏன் உன் தம்பி பொண்ணு என்னையும் சேத்து வாட்டுற?” என்று செல்வி அழுகிறாள். பேத்தி வந்து காலைக் கட்டிக்கொள்கிறது. “உங்கப்பன் செத்துட்டான், பொறுத்துக்கலாம். நான் உசுரோட இருக்கறேன்டி” என்றேன்.

உன் திதிக்கு இதை அச்சடித்து, உன் ஷெட் இருந்த தெருவில் கடை கடையாக நானே கொடுப்பேன். லாரி ஷெட்டிலும் ஒன்று ஒட்டுவேன். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவேன். இது சத்தியம்.

பெயர்களைப் போடாதே என்று அச்சாபீஸ்காரர் சொல்கிறார். மற்றவர்கள் பெயரை வேண்டுமானால் எடுத்துவிடட்டும். நான் மன்னிக்காத ஒருத்தன் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஏழுமலை.

உன் அக்கா,
அஞ்சலை