கெசாயாவுக்கு வந்த விலை

யார்க்டவுன் முகாம், வர்ஜீனியா
1862 ஏப்ரல் 27

என் கண்ணான கெசாயாவுக்கு,

நலம். அதிகாரிகளுக்குச் சமைத்துப் போட்டுக் கைதான் தீய்கிறது. உன் சோள ரொட்டிக்கு நாக்கு ஏங்குகிறது.

வாஷிங்டனில் அடிமைகளை எல்லாம் விடுவித்துச் சட்டம் வந்துவிட்டதாமே. உடையவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுக்குமாம். சாப்பிடும்போது கேப்டன் சொன்னார்: "இந்தச் சண்டைக்கு அரை நாள்ல ஆகுற செலவைக் கொடுத்தா டெலவேர் மாநிலத்துல ஒரு அடிமைகூட மிச்சமிருக்க மாட்டான். நாம இங்க பீரங்கிக்குத் தீனி போட்டுட்டு இருக்கோம்."

எனக்கு நம் பெட்டியில் இருக்கும் பத்திரம் ஞாபகம் வந்தது. விடுதலையான நான் கூலி சேர்த்து உன்னை உன் துரையிடமிருந்து விலைக்கு வாங்கிய பத்திரம். ஆள்பிடிப்பவர்கள் உன்னைத் தூக்கிப் போனால் 'என்னுடையவள்' என்று கேட்டு மீட்கலாம் என்றுதானே விடுதலை எழுதாமல் வைத்திருந்தோம். இப்போது நான் மனுப் போட்டால் உனக்கான பணம் எனக்கு வரும். மேரிலாந்தில் புகையிலைக் காட்டில் கிடக்கிற நம் மகள் தமாரை அதைக் கொண்டு மீட்கலாம். அங்கே இந்தச் சட்டம் செல்லாது. அவள் ஓடி வந்தாலும் பிடித்துச் சிறையில் போடுவார்கள். அவளை வைத்திருக்கும் துரை இருநூறு டாலர் கேட்கிறான்.

அதற்கு நீ நகர மன்றத்தில் கமிஷன் அதிகாரிகள் முன் ஒருமுறை போய் நிற்க வேண்டும். விலை மதிக்க பால்டிமோர் அடிமை வியாபாரி ஒருவனையே வைத்திருக்கிறார்களாம்.

உன் லெவின்


வாஷிங்டன்
1862 மே 9

என் எசமானுக்கு,

இனி அப்படித்தானே எழுத வேண்டும்?

மாட்டேன், லெவின். பதினாறு வயதில் என்னை மேடையில் ஏற்றி, வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் கூலியில்லாமல் துணி வெளுத்தேன். பணம் கொடுப்பதென்றால் எனக்கல்லவா கொடுக்க வேண்டும்? உடையவனுக்கு எதற்கு? அந்த உடையவன் நீயே ஆனாலும் எனக்கு வயிறு எரிகிறது.

தமாருக்காக என் உயிரைக் கேள், தருகிறேன். இதைக் கேட்காதே.

ஹோட்டல் துணி மலையாய்க் கிடக்கிறது. குளிரில் கிடக்காதே, கம்பளியைப் போர்த்திக்கொள்.

உன் கெசாயா


ரிச்மண்டுக்குக் கிழக்கே
1862 ஜூன் 5

கெசாயா,

நீ போக வேண்டாம். நான் கேட்டிருக்கக் கூடாது.

நான்கு நாளாகச் சமையல் இல்லை. கால் போன பையன்களுக்குக் கஞ்சி ஊட்டுகிறேன். அரை நாள் கணக்குச் சொன்ன கேப்டனையும் புதைத்தாயிற்று. நீ கேட்டது நியாயம்தான், உடையவனுக்குப் பணம் கொடுப்பது அநியாயம். ஆனாலும் இத்தனை பேரை மண்ணில் போட்டதற்குப் பதிலாக, அந்தப் பாவிகளிடம் காசை விட்டெறிந்து தொலைத்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் எழுதி அனுப்பிய மனு அங்கே ஒரு வக்கீலிடம் இருக்கிறது. நீ போகாவிட்டால் அது அப்படியே கிடந்து போகட்டும். தமாருக்கான பணத்தைச் சம்பளம் வந்ததும் சேர்க்கிறேன்.

உன் லெவின்


வாஷிங்டன்
1862 ஆகஸ்ட் 3

லெவின்,

போனேன். திட்டாதே.

உன் கடிதத்தைப் படித்தபிறகு, காலைக் கொடுத்தவர்கள் இருக்கும்போது என் வெட்கத்தைக் கொடுத்தால் என்ன என்று பட்டது. அந்த வியாபாரி என் கையைத் திருப்பிப் பார்த்தான். "நாப்பது தாண்டியாச்சு. சாம்பல் தண்ணில கை வெந்து கிடக்கு. நூறு போடுங்க" என்றான்.

நூறுக்குத் தமார் வரமாட்டாள். வாயை மூடிக்கொண்டு வர எனக்கு முடியவில்லை. "ஐயா, உங்க கழுத்துல இருக்கிற காலர் நேத்து ஹோட்டல்ல நான் கஞ்சி போட்டது. இந்த வெந்த கைதான் போட்டுச்சு. மடங்கியிருக்கான்னு தொட்டுப் பாருங்க" என்றேன்.

தொட்டுப் பார்த்தான். கமிஷன் அதிகாரிகள் சிரித்தார்கள். விலை ஏறியது. கடைசியில் இருநூற்றுப் பத்தொன்பது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நூறு என்றதற்காக அல்ல. விலை ஏறியபோது என் மனசு ஒரு கணம் குளிர்ந்துவிட்டது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உன்மேலும் கோபம்தான். கொஞ்ச நாள் எழுத மாட்டேன்.

கெசாயா


வாஷிங்டன்
1863 பிப்ரவரி 15

அன்புள்ள லெவின்,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் போடாதது என் பிடிவாதம்.

பணம் வந்தது. வக்கீல் தன் பங்கை எடுத்துக்கொண்டதுபோக இருநூறு சரியாக இருந்தது. பாதிரியாரை அழைத்துக்கொண்டு நானே போனேன். துரை பத்திரம் எழுத உட்கார்ந்து, "யார் பேருக்கு?" என்றான். என் பெயரைச் சொன்னேன். என் மகளை எனக்கு விற்றான்.

தமார் என்னைவிட உயரம். வண்டியில் வாயே திறக்கவில்லை. வழியில் குதிரைக்காரர்கள் இருவர் நிறுத்தி, இந்தப் பெண் யாருடையவள் என்று கேட்டார்கள். பத்திரத்தை நீட்டி, "என்னோடவ" என்றேன். விட்டுவிட்டார்கள். அப்புறமும் ஊர் எல்லை தாண்டும்வரை அந்தக் காகிதத்தை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தேன். நீ ஏன் என் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக் காத்தாய் என்பது அந்தச் சாலையில்தான் எனக்கு முழுதாய்ப் புரிந்தது. உன்மேல் இருந்த கோபம் அங்கேயே போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பத்திரத்தையும் அடுப்பில் போட்டேன். தமார்தான் தீயைக் கிளறிவிட்டாள். அப்போதுதான் முதல்முதலாகப் பேசினாள்: "அம்மா, பசிக்குது."

இன்னொன்று. விலைக்கு வாங்கியவளை மணந்தால் சட்டத்தில் அது கல்யாணமே இல்லையாம். பாதிரியார் சொன்னார். கட்டிக்கொள்கிறாயா என்று இத்தனை வருஷம் நீ என்னைக் கேட்கவே இல்லை, பார். வாங்கிக் கூட்டி வந்தாய், நானும் வந்துவிட்டேன்.

லீவு கிடைத்ததும் வா. வாசலில் நின்று கதவைத் தட்டிக் கேள். என்ன சொல்வேன் என்று இப்போதே எழுத மாட்டேன்.

சோள ரொட்டி சுட்டு வைக்கிறேன்.

கெசாயா