ஒரு சாண் தூக்கி நிறுத்தினேன்

இன்று காலை இட்லிக்குச் சட்னி அரைக்கும்போது கையை மோந்து பார்த்தேன். சோப்பு போட்டுத் தேய்த்தாயிற்று, புளி போட்டும் தேய்த்தாயிற்று. கிரீஸ் வாசம் போகவில்லை. எத்தனை வருஷம் இந்த வாசத்துக்காக உங்களைச் சோற்றுத் தட்டுக்கு முன்னாலிருந்து எழுப்பிக் கை கழுவ விரட்டியிருக்கிறேன். இப்போது அதே வாசம் என் கையில், விரட்டத்தான் ஆள் இல்லை. சிரித்துக்கொண்டே அப்படியே சாப்பிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நம் கார் ஷெட்டில் லிஃப்ட் நிற்கிறது. ஆமாம், நீங்கள் ஆசைப்பட்டீர்களே, அதே இரட்டைத் தூண் லிஃப்ட். இரண்டு பக்கமும் ஆளுயரத்தைத் தாண்டிய நீலத் தூண்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு இரும்புக் கைகள். பட்டனை அழுத்தினால் அந்த நாலு கையும் காரை அடியில் தாங்கி மேலே தூக்கும். நீங்கள் கோணி விரித்து மல்லாந்து படுத்த இடத்தில் நான் நின்றுகொண்டு வேலை பார்க்கிறேன்.

எல்லாம் உங்கள் தம்பியால் வந்தது. நீங்கள் போனதிலிருந்து நம் அம்பாசடர் கார் அசையவில்லை. கிளட்ச் ஒட்டிக்கொண்டு கியரே விழவில்லை. ஒரு நாள் தம்பி வந்து, “மதினி, விளாத்திகுளத்துல ஒருத்தரு பழைய வண்டிய வாங்கிப் பிரிச்சு விக்காரு. குடுத்துருவோம். சும்மா நின்னு துருப்பிடிச்சுப் போவுதுல்லா” என்றார். லாரி ஓட்டுகிறவர், வண்டியைப் பற்றி அவர் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“பிரிக்கவா? ஒங்க அண்ணன் கை படாத ஒரு நட்டு அதுல உண்டுமா? நானே சரி பண்ணுதேன்” என்றேன்.

“நீங்களா?”

“நாந்தான். அவருக்கு ஸ்பானர் எடுத்துக் குடுத்தது யாரு, நீங்களா?”

பேச்சு இப்படி முடிந்தது: ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசைக்கு வண்டி சொந்தக் காலில் ஓடி வந்தால் என்னிடமே இருக்கும். வராவிட்டால் மறுநாள் விளாத்திகுளம். நம் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டி, கதவு வேறு சீட்டு வேறாகக் கடையில் தொங்க விடுவேனா?

ஜாக்கி வைத்து அடியில் படுக்க என் முழங்கால் விடாது. அதைவிட, ஒரு தடவை ஜாக்கி சரிந்து வண்டி உங்கள் சட்டைப் பட்டனைத் தொட்டுக்கொண்டு நின்றதே, அது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. நான் வாய்விட்டு அழ, நீங்கள் அடியிலிருந்தபடியே, “ஏளா, ஒண்ணும் ஆவல. அந்தப் பதினாலு ஸ்பானர எடு” என்றீர்கள். அன்றே எடுத்த முடிவு, நம் வீட்டில் இனி யாரும் ஜாக்கிக்கு அடியில் படுக்கக் கூடாது என்று.

லிஃப்ட் தேர்ந்தெடுப்பது சேலை எடுப்பதைவிடச் சந்தோஷமான வேலை, தெரியுமா? ஒரு வகையில் இரண்டு தூணையும் தலைக்கு மேலே ஒரு உத்தரம் இணைக்கும். தரை காலியாக இருக்கும், பார்க்க லட்சணமாகவும் இருக்கும், ஆனால் நம் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே போய்விடும். இன்னொரு வகையில் தரையோடு ஒரு இரும்புத் தகடு போகும், வண்டி அதன் மேல் ஏறி இறங்க வேண்டும். கூரைக்கு வம்பில்லை. அதையே எடுத்தேன். வீட்டுக் கரண்டில் ஓடும் மோட்டார் வேண்டும் என்று லிஃப்ட் விற்கும் கோயம்புத்தூர்க்காரரிடம் போனில் சொன்னேன். உப்புக் காற்றில் தூணுக்குள் ஓடும் இரும்புக் கயிறு என்ன ஆகும் என்றும் கேட்டேன். “எங்க ஊருல சைக்கிள் செயினே ரெண்டு மழை தாங்காது, பாத்துக்கிடுங்க” என்றேன். மாதாமாதம் கிரீஸ் தடவச் சொன்னார். வாசம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

தூண்களைப் பூட்டுவதற்கு முன் அவர் நேரில் வந்து ஷெட் தளத்தில் துளை போட்டுப் பார்த்தார். “யானையக் கட்டலாம்ளா” என்று நீங்கள் காலால் தட்டித் தட்டிப் பெருமைப்பட்ட அந்தத் தளம் இருக்கிறதே, மூன்று விரல் கனம்தான். அதற்குக் கீழே டிரில் மணலுக்குள் சர்ரென்று இறங்கிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் உங்கள் படத்தைப் பார்த்தேன். உடைத்துத் தோண்டி, கம்பி கட்டி, முழங்கால் ஆழத்துக்குக் காங்கிரீட் போட்டோம். ஒரு மாசம் காய வேண்டும் என்றார். தவக்காலம் முழுக்கச் சிலுவைப்பாதைக்குப் போவதும், வந்து காங்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதுமாகவே போனது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் தூண்கள் நின்றன. பக்கத்து வீட்டுச் சின்னக் காரை ஏற்றி இறக்கிக் காட்டிவிட்டுக் கோயம்புத்தூர்க்காரர் ரயில் ஏறினார். நம் வண்டியைத் தெருவே சேர்ந்து தள்ளி உள்ளே விட்டது. நானும் தம்பியும் நாலு கையையும் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் கொடுத்தோம். தம்பி போனில் படம் எடுக்கத் தயாராக நின்றார். சின்ன வயதில் ராட்டினத்தில் ஏறுவதற்கு முன் வருமே, அந்தக் குதூகலம் எனக்கு.

துறைமுகத்தில் நீங்கள் கிரேன் ஓட்டியபோது பழகியதை வீட்டிலும் விட்டதில்லை. அரிசி மூட்டையோ பீரோவோ எதைத் தூக்கினாலும் அதேதான். “ஒரு சாண் தூக்கு. நிறுத்து. பாரு. பெறவு போ.” மேலே கேபினில் இருக்கிறவனுக்கு ஒன்றும் கேட்காது, கீழே நிற்கிறவன்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும், சத்தம் இல்லை என்றால் ‘போலாம்’ என்று கை காட்டுவான் என்பீர்கள். ஆஸ்பத்திரியில் நம் பிள்ளையை முதல்முதலாகத் தூக்கியபோதும் ஒரு சாணில் நிறுத்திப் பார்த்தீர்கள். நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணமான புதிதில் என் கையைப் பிடித்து அளந்து, “ஒன் முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் எனக்குச் சரியா ஒரு சாண்ளா. இனி டேப் வேண்டாம்” என்றதும் நீங்கள்தான்.

பட்டனை அழுத்தினேன். டயர்கள் தரையை விட்டன. ஒரு சாண் வந்ததும் கையை எடுத்தேன்.

“ஏன் நிறுத்திட்டிய? மேல ஏத்துங்க மதினி.”

“பொறுங்க தம்பி.”

கர்ர் என்று ஒரு சத்தம். இடது பக்க விளிம்பிலிருந்து வெள்ளைப் பொடி அரிசி மாவு மாதிரிக் கொட்டியது. பிறகு வண்டி லேசாகச் சாய்ந்தது. நான் இறக்கிவிட்டேன். தம்பி போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுக் குனிந்து தட்டிப் பார்த்தார். இரும்பே இல்லை, எல்லாம் பட்டி. ஒவ்வொரு வருஷமும் மாதா திருவிழாவில் சாமியார் தீர்த்தம் தெளிக்கும்போது வண்டி பளபளக்க வேண்டும் என்று துருப்பிடித்த ஓட்டையில் பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்து, என்னிடம் “புது வண்டி தோத்துரும்” என்பீர்களே. நம் ஊரில் பாதி வண்டி இப்படித்தான் நிற்கிறது. அன்று தலைக்கு மேலே தூக்கியிருந்தால் அத்தனையும் எங்கள் மேல் வந்திருக்கும். உங்கள் பட்டி கவிழ்க்கப் பார்த்தது, உங்கள் சாண் காப்பாற்றியது. திட்டவா கும்பிடவா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னும் உள்ளே தட்டிக்கொண்டே போய், கணீரென்று கேட்ட சட்டத்தில் நாலு கையையும் மாற்றிக் கொடுத்தோம். மறுபடி ஒரு சாண். பம்பரைப் பிடித்து ஆட்டினோம். சத்தமே இல்லை.

“போலாம்” என்றேன்.

“யாருட்ட மதினி சொல்லுதிய?”

“ஒங்க அண்ணன்ட்ட.”

வண்டி ஏறியது. டக், டக் என்று பூட்டு விழும் சத்தத்தோடு என் இடுப்பைத் தாண்டி, தலையைத் தாண்டி ஏறியது. நான் குனியாமல் அதற்கு அடியில் நடந்துபோனேன். உங்களுக்கு மட்டுமே தெரிந்த அந்த அடிப்பக்கத்தை நிமிர்ந்து நின்று பார்த்தேன். சைலன்சரை என்ன வைத்துக் கட்டியிருந்தீர்கள்? என் கொடிக்கம்பி. துணி காயப்போட வாங்கி மறுநாளே காணாமல் போய், காக்கா தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று நீங்கள் சத்தியம் செய்த அதே கம்பி. நானும் தம்பியும் சிரித்த சிரிப்பில் தெரு எட்டிப் பார்த்தது.

இரண்டு நாளில் கியர்பாக்ஸை இறக்கிக் கிளட்ச் மாற்றினோம். ஈஸ்டர் காலையில் நான்தான் ஓட்டினேன். கடற்கரைச் சாலையில் மூன்றாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. கோவில் வாசலில் நிறுத்தியதும் தம்பி இறங்காமலே விளாத்திகுளத்துக்காரருக்குப் போன் போட்டு, “அண்ணாச்சி, வண்டி கெடையாது. எங்க மதினி ஓட்டுதாவ” என்றார். பூசையில் அழுதேன், பாதிக்கு மேல் சந்தோஷத்தில்தான்.

சைலன்சருக்குப் புதுக் கிளாம்ப் நேற்று மாட்டிவிட்டேன். கொடிக்கம்பியைக் கழற்றவில்லை. இனி அந்த விளிம்பை வெட்டிப் புது இரும்பு வைக்க வேண்டும், அதற்கும் ஆள் தேடப்போவதில்லை.

ஒவ்வொரு தடவையும் ஒரு சாணில் நிறுத்துகிறேன். என் சாண் சின்னது, அதனால் உங்கள் சாணை அளக்க மெல்லக் குனிந்து முழங்கையைத் தரையில் ஊன்றுகிறேன். டயரின் அடிப்பக்கம் என் மணிக்கட்டுக்கு நேராக நிற்கும். அப்படியே காது கொடுத்துக் கேட்கிறேன். ஒரு சத்தமும் வராது. எழுந்து ‘போலாம்’ என்று உங்களுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்துகிறேன்.