கடலை யார் பார்ப்பது

2005 ஜூன் 12, ஞாயிறு.

இன்னும் கோபம் அடங்கவில்லை.

சுனாமியில் வீடு போன பெண்களுக்கு யோகா சொல்லித்தர எங்களுக்குப் பயிற்சி. இன்று கோவளத்தில், கடலோரக் கூடத்தில் அந்தப் பெண்களுக்கு முதல் வகுப்பு. பயிற்சி தரும் சார், வழக்கம்போல எல்லோரையும் கிழக்கு பார்த்து உட்காரச் சொன்னார். கிழக்கே கடல். "கண்ணை மூடுங்க" என்றார். ஒருத்தரும் மூடவில்லை.

"கண்ணையே மூடலன்னா மனசு எப்படி அடங்கும்?" என்று சத்தம் போட்டார்.

முன்வரிசையில் இருந்த மல்லிகாக்கா கேட்டார்: "எல்லாரும் கண்ண மூடிக்கினா கடல யாரு சார் பாக்கறது?"

சார் சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பயந்துபோனவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு வாரமாக எங்களுக்குப் பாடம் எடுத்த மனுஷன்!

எழுந்து ஜன்னலருகே போய் நின்றேன். "நான் பாத்துக்கறேன்கா, நீங்க மூடுங்க" என்றேன். ஒவ்வொருத்தராக மூடினார்கள். மல்லிகாக்கா கடைசியாக.

வகுப்பு முடிந்ததும் சார் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். நீ டீச்சரா, வாட்ச்மேனா? இப்படியே செய்தால் சர்டிபிகேட் கிடையாதாம். அவரே வைத்துக்கொள்ளட்டும்.

அத்தனை பேரும் கண்ணை மூடியிருந்தபோது அவரும்தான் மூடியிருந்தார், நிம்மதியாக. யார் பார்த்துக்கொண்டிருந்த தைரியத்தில்?