சோதனைக்குப் போன பாட்டில்

திருத்தணி
12.11.2025

அன்பு மகள் பானுப்ரியாவுக்கு நைனா எழுதுவது. நானும் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம், தணிகை முருகன் உன்னையும் அந்தக் குளிர் ஊரில் அப்படியே வைத்திருப்பான். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை, இந்தக் கிருத்திகைக்குப் படியேறியே மலைக்குப் போய்வந்தாள். கே.ஜி.கண்டிகையில் உன் சித்தப்பா முரளிதரன் நடத்தும் முகத்தெண்ணெய்க் கம்பெனியில் நான் இலை பொறுக்கும் வேலைக்குப் போனது உனக்குத் தெரியும். தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலைச் சத்தை இறக்கி, ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டிலைச் சென்னைக்குச் சோதனைக்கு அனுப்புவான். ஊதா நிற மருந்தில் அந்த எண்ணெயைக் கலந்தால் எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு சத்து, அந்தச் சத்து இருந்தால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது என்று நீதானே சொன்னாய். ஆடியில் வந்த தளிருக்கும் ஆவணி மழையில் பாதி பழுத்து வந்த இலைக்கும் ஒரே அளவு என்று ரிப்போர்ட் வந்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அப்புறம் கவனித்தேன். சோதனைக்குப் பாட்டில் எடுக்கும் நாளில் மட்டும் அவன் அறைக் குப்பைக்கூடையில், மருந்துக்கடையில் விற்கும் பச்சை வைட்டமின் ஈ மாத்திரையின் பிழிந்த தோல் கிடக்கிறது. மூன்று தடவை பார்த்தேன். அந்த மாத்திரைக்குள் இருக்கும் எண்ணெயும் ஊதா மருந்தை வெளுக்கவைக்குமாமே. ஒருவேளை சித்தி அனுராதா முகத்துக்குப் பூசுகிறாளோ என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், "எனக்கு ஏது பாவா அதுக்கெல்லாம் நேரம்" என்றாள்.

அதோடு விட்டிருப்பேன். போன மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிற லேபிளைக் காட்டினான். பிரான்ஸ் விஞ்ஞானி பானுப்ரியா அளந்து சான்றளித்தது என்று போட்டிருந்தது. அன்றைக்கே, சோதனைக்கென்று அவன் மூடிவைத்த பாட்டிலை எடுத்துவிட்டு, கடைக்குப் போகும் பெட்டியிலிருந்து ஒன்றை வைத்துக் கவரை ஒட்டினேன். வந்த ரிப்போர்ட்டில் பழைய அளவில் கால் பங்குகூட இல்லை. நேராக என்னிடம் வந்து "இன்னாணா பண்ண?" என்றான். "கடைக்குப் போறதத்தான்டா அனுப்பினேன், அதுல இன்னா தப்பு?" என்றேன். அவன் கோபப்படவில்லை, சிரித்தான். "ஊரான் வூட்டுப் பொண்ணு பேரையா போடறேன்? பானு எப்பவோ ஆங்னு சொல்லிட்ச்சி, நீதான் குதிச்சிகினு கீற" என்றான்.

மறுநாளே வேலையை விட்டுவிட்டேன். அரக்கோணம் அச்சகத்துக்குப் போய், பெண்ணைப் பெற்றவன் நான், என்னைக் கேட்காமல் அச்சடிக்காதீர்கள் என்று சொல்லி வந்தேன். தை பிறக்கும் வரை நிறுத்திவைப்பதாக ஒப்புக்கொண்டார்கள். அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை. முரளி சொன்னது பொய் என்றுதான் மனசு சொல்கிறது. ஆனால் புரட்டாசியில் அவனோடு அரைமணி நேரம் பேசியதை நீ என்னிடம் சொல்லவில்லையே, அனுராதா வாய்தவறிச் சொல்லித்தானே தெரிந்தது. போனில் கேட்டிருப்பேன், உன் குரலைக் கேட்டால் எதையும் நம்பிவிடுவேன், அதனால்தான் கடிதம். ஆங் என்றாயா இல்லையா, உன் கையால் எழுது. சொல்லியிருந்தால் ஏன் என்றும் எழுது, முழுதும் படிக்கிறேன்.

நோய்நொடி இல்லாமல், யார் முன்னாலும் தலைநிமிர்ந்து நீ நூறு வருஷம் வாழவேண்டும். ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. சித்தப்பா எந்தக் காகிதம் அனுப்பினாலும் கையெழுத்துப் போடாதே.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
நைனா
நாகேந்திரன்