முதல் சுற்றில் உன் பெயர்

ஒப்பலூசஸ், லூயிசியானா
ஆகஸ்ட் 4

அன்புள்ள ரோலண்ட் அண்ணனுக்கு,

கில்லரி குடும்பத்தின் சார்பில் கனத்த இதயத்துடன் அறிவிப்பது: நேற்று மாலை உன் தம்பி ஓடிஸின் மேலுதட்டில் மூன்று மீசை முடிகள் அரும்பின. அவற்றில் ஒன்று இன்று காலை துண்டோடு போய்விட்டது. மலர்வளையம் வேண்டாம்.

காகிதத்தில் எழுதிக் கை வலிக்கிறது. தப்பு என்னுடையதுதான். சம்பள விஷயம் முடியாமல் ஃபுட்பால் அணியின் பயிற்சிக்குப் போவதில்லை என்று நீ அனுப்பிய செய்தியை ஒரே ஒரு நண்பனிடம்தான் காட்டினேன். சாயங்காலம் அது டி.வி.யில் வந்தது. நீயும் போனை அணைத்துவிட்டு "இனிமேல் தபால்தான்" என்று சொல்லிவிட்டாய்.

ஊர் முழுக்க உன் பக்கம். முடிவெட்டுகிற ஃபான்டனோ கத்தரியை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார்: "பந்தை எறியறவன் மாப்பிள்ளை கணக்கா நிக்கிறான், அவனுக்குக் கோடி கோடியாக் கொட்றாங்க. அதே பந்தை வாங்கிக் கையில இடுக்கிக்கிட்டு ஓடி, மலை மலையா நிக்கிறவனுங்க மேல போய் மோதறது நம்ம ரோலண்ட்! அவனுக்கு அதுல கால்வாசிகூட இல்லியாம்!" நான் சொன்னேன்: "அண்ணன் மாதிரி ரன்னிங் பேக்குக்கு எதிராளிங்க நடுவுல ஓட்டையைக் கண்டுபிடிச்சு ஓடறதுதான் வேலை. ஒப்பந்தத்துல மட்டும் ஓட்டையை அவங்க கண்டுபிடிச்சுட்டாங்க." அதற்காக என் காதை வெட்டப் பார்த்தார்.

இனி என் வீரத்தைக் கேள். பள்ளியில் எங்கள் கற்பனை லீக்குக்கு ஆள் எடுத்தோம். பன்னிரண்டு பையன்கள், நிஜ ஆட்டக்காரர்களின் பெயர்களை வைத்து ஆளுக்கொரு அணி. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நிஜ மைதானத்தில் ஓடினால் எங்களுக்குப் புள்ளி. முதல் சுற்றில், முதல் ஆளாக, மேசையில் ஓங்கித் தட்டி உன் பெயரைச் சொன்னேன். அறையே அடங்கிவிட்டது! எங்கள் ஆட்டத்தில் ரன்னிங் பேக்குக்குத்தான் அடிதடி, தெரியுமா? பொய் அணியில் நீங்கள் ராஜா, நிஜ அணியில் கூஜா.

இரண்டு முடி மீசையுடன்,
ஓடிஸ்

---

ஆகஸ்ட் 12

அன்புத் தம்பி ஓடிஸுக்கு,

உன் மீசைக்கு என் அனுதாபம். அம்மா காய்கறி சாப்பிடச் சொன்னால் சாப்பிடு.

அணி மேலாளர் ப்ரூயிட் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். அவரே காபி ஊற்றி, அவரே சர்க்கரை கலக்கிக் கொடுத்தார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"உனக்கு இருபத்தேழு ஆகுதுப்பா. ஓடின ஓட்டமெல்லாம் உடம்புல இருக்கு. இனிமே உன் விலை இறங்கத்தான் செய்யும்" என்றார்.

"நான் கம்மியா ஓடியிருந்தா?"

"அப்போ எப்பவோ உன்னை அனுப்பியிருப்போம்."

சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். நான் கேட்பது மூன்று வருஷம். அவர் மேசையில் இருப்பது ஒரே வருஷத்துக்கான காகிதம். இந்த வருஷம் நான் உடைந்தால் அடுத்த வருஷம் அவர்களுக்கு என்னைத் தெரியாது.

என் இடத்துக்கு கேடன் என்ற பையனை எடுத்திருக்கிறார்கள். கல்லூரியிலிருந்து நேராக வந்தவன், மலிவு. நேற்று அவன் அம்மா சுட்ட பழக் கேக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "சார், ஒருத்தன் நேரா வந்து மோதினா எந்தத் தோளைக் கொடுப்பீங்க?" என்று கேட்டான். சார்! சொல்லிக் கொடுத்தேன். திரும்பிப் போகும்போது படிகளில் இரண்டிரண்டாகக் குதித்து இறங்கினான். அந்தச் சத்தம் நின்றபிறகும் நான் கதவைச் சாத்தவில்லை.

என் முழங்காலைப் பற்றி யாராவது கேட்டால் நன்றாயிருக்கிறது என்று சொல்.

உன் அண்ணன்,
ரோலண்ட்

---

ஒப்பலூசஸ்
ஆகஸ்ட் 20

அண்ணா,

முழங்காலைப் பற்றி யாருமே கேட்கவில்லையே. நீயாக ஏன் சொல்கிறாய்?

ஜூலையில் வந்திருந்தாயே, தினமும் காலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினாய். அம்மா என்னிடம், "ஏன்டா அவன் அப்படி இறங்கறான்?" என்று கேட்டாள். "அவன் ரன்னிங் ‘பேக்’ இல்லியாம்மா, பின்னாலதான் வருவான்" என்றேன். சிரித்தாள். அப்புறம் சமையலறைக்குள் போனாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பாத்திரச் சத்தம் வரவில்லை.

போகட்டும். ப்ரூயிட்டைத் தேசத் துரோகி என்று லீக் பையன்களிடம் அறிவித்துவிட்டேன். முதல் ஆளாக உன்னை எடுத்தவன் சொன்னால் எடுபடுமல்லவா?

தலைமை விசிறி,
ஓடிஸ்

---

ஆகஸ்ட் 31

தம்பி,

இதைப் படித்தபின் அம்மா கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்.

நானாக வெளியே ஒரு டாக்டரிடம் முழங்காலைக் காட்டினேன். படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த சீசன் ஓடாதீங்க" என்றார். "ஓடினா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "உங்களுக்குக் குழந்தை இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பொறந்தா தூக்கிக்கிட்டு நடக்கணும்ல" என்றார்.

ஓடாமல் இருந்தால் சம்பளமே இல்லை. அடுத்த வருஷம் இருபத்தெட்டு. அப்போது யார் கூப்பிடப்போகிறார்கள்? அதனால் ஒரு வருஷக் காகிதத்தில் வரும் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுகிறேன். அன்று காலையில் வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டால் அணி டாக்டர் முன்னால் நேராக நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம்.

ராத்திரியெல்லாம் இதையே யோசித்தேன். ப்ரூயிட் என்னை நம்பவில்லை. டி.வி.யில் பேசுகிறவர்கள் நம்பவில்லை. டாக்டரும் நம்பவில்லை. பன்னிரண்டு பையன்கள் முன்னால் மேசையைத் தட்டி என் பெயரைச் சொன்னாயே, நீ ஒருத்தன் போதும். அதை நினைத்துக்கொண்டுதான் உள்ளே போகப்போகிறேன்.

ரோலண்ட்

---

ஒப்பலூசஸ்
செப்டம்பர் 4, புதன்

அண்ணா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. அம்மா போனிலிருந்து ஆறு தடவை கூப்பிட்டேன். நீ இன்னும் அணைத்தே வைத்திருக்கிறாய். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். வெள்ளிக்குள் சேருமா என்று தபால் நிலையத்து அக்காவிடம் கேட்டால், "சேரணும்" என்கிறாள். சேரும் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் சொல்லிவிடுவேன். திட்டிக்கொள்.

இப்போது சொல்லப்போவதை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

மேசையைத் தட்டியது உண்மை. முதல் ஆளாக எடுத்ததும் உண்மை. ஆனால் நான் சொன்னது கேடன் பெயரை.

வாயைத் திறக்கும்வரை உன் பெயர்தான் நாக்கில் இருந்தது. அப்புறம் நீ படியில் இறங்கியது கண்ணில் வந்தது. என் பணம் ஒரு காசுகூடக் கிடையாது, பந்தயம் வெறும் பீட்சா. அதற்கே நான் ப்ரூயிட் போட்ட அதே கணக்கைப் போட்டுவிட்டேன். காபிகூடக் கொடுக்காமல்.

அதனால் என்னை நினைத்துக்கொண்டு உள்ளே போகாதே, அண்ணா. உன்னை யாரும் எடுக்கவில்லை. எல்லாச் சுற்றும் முடிகிறவரை உன் பெயர் பலகையில் அப்படியே இருந்தது. கடைசிச் சுற்றில் மறுபடி என் முறை வந்தது, அப்போதாவது எடுத்திருக்கலாம். பையன்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பந்தை உதைக்க மட்டும் களத்துக்கு வருகிறவன் ஒருவனை எடுத்தேன்.

ஓடிஸ்